துளி இரத்தமும் தங்கப் பரப்பும்: ஒளியால் நோயறிவதில் உண்மையான தடை எது?

கேள்வி இது: நானோ அளவில் வடிவமைத்த தங்க, வெள்ளிப் பரப்பின்மேல் ஒரு துளி இரத்தத்தை விட்டு, ஒளியைப் பாய்ச்சி, மாரடைப்பையோ புற்றுநோயையோ சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம் என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது, ஒற்றை மூலக்கூறையே பார்த்துவிட்டதாகவும் சொல்கிறார்கள், அப்படியென்றால் இரத்தப் பரிசோதனை நிலையங்களில் அந்தக் கருவி ஏன் இன்னும் காணப்படவில்லை? ஒளியின் பக்கத்து வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதே என் பதில். தேடும் மூலக்கூறைப் பரப்புக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும், வந்து ஒட்டியது அதுதானா என்று உறுதி செய்வதும்தான் மீதமிருக்கும் வேலை. செய்திகளில் இவ்விரண்டும் அரிதாகவே இடம்பெறுகின்றன.

முதலில் அளவுகளைப் பார்க்க வேண்டும். இதயத் தசை பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின்-டி என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். இன்று மருத்துவமனைகளில் செய்யப்படும் உயர் உணர்திறன் சோதனையில், உடல்நலமுள்ள 100 பேரில் 99 பேருக்கு இது லிட்டருக்கு 14 நானோகிராமுக்குள்தான் இருக்கும். அதே ஒரு லிட்டரில் அல்புமின் என்ற புரதம் மட்டும் 35 முதல் 50 கிராம் வரை இருக்கிறது. எடையில் ஒப்பிட்டால், தேடும் ஒரு பங்குக்குத் தேடாத பங்கு ஏறத்தாழ 300 கோடி. ஆனால் எண்ணிக்கையாகப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ட்ரோபோனின்-டியின் மூலக்கூறு எடை சுமார் 37,000 டால்டன் (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு). கணக்குப் போட்டால், ஒரே ஒரு மைக்ரோலிட்டரில் அந்த 14 நானோகிராம் அளவுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் மிதக்கின்றன. ஆகவே மூலக்கூறுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காண்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒளி இதற்கு எப்படி உதவுகிறது? தங்கம், வெள்ளி போன்ற உலோகங்களில் கட்டற்ற எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளாக உலோகத்தை ஆக்கும்போது, குறிப்பிட்ட ஒரு நிறத்து ஒளி பட்டால் அந்த எலக்ட்ரான்கள் எல்லாம் ஒருசேர அலைவுறும். பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று இதைச் சொல்கிறோம். 20, 30 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை வலுவாக உறிஞ்சுவதால், அவை மிதக்கும் நீர் ஒயின் சிவப்பாகத் தெரிகிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும், டெங்கு வைரஸின் என்.எஸ்.1 என்ற புரதத்தைத் தேடும் பட்டையிலும் தோன்றும் செந்நிறக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கத் துகள்களால் ஆனதே. துளி விடப்பட்டதும் பட்டையிலுள்ள திண்டில் உலர்ந்திருக்கும் தங்கத் துகள்கள் மீண்டும் திரவத்தில் மிதந்து நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஊர்ந்து செல்கின்றன. அவற்றின்மேல் பூசப்பட்ட எதிர்ப்பொருள்கள் வழியில் வைரஸ் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கோட்டில் காத்திருக்கும் இன்னொரு எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தையும் அதனோடு சேர்ந்த துகளையும் நிறுத்திவிடுகிறது. நானோ பொருளும் ஒளியும் சேர்ந்த நோயறிதல் கருவி நம் மருந்துக்கடைகளுக்கு எப்போதோ வந்துவிட்டது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். டெங்கு நோயாளியின் இரத்தத்தில் என்.எஸ்.1 புரதம் மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் அளவுகூட எட்டக்கூடும் என்பதால்தான் இவ்வளவு எளிய தாளே போதுமானதாக இருக்கிறது. ட்ரோபோனின் அதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும்போதே தெரியவேண்டியிருக்கிறது.

அந்த அளவுக்கு இறங்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. பரப்பின் அருகே ஒளிவிலகல் எண் மாறுவதைக் கவனிப்பது முதல் வழி. 1968இல் ஓட்டோவும் க்ரெட்ஷ்மானும் கண்ணாடிப் பட்டகத்தின் வழியே உலோகப் படலங்களில் பிளாஸ்மானைத் தூண்டும் முறைகளைத் தந்தார்கள். 1983இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் லீட்பெர்க் குழு அதே முறையில் எதிர்ப்பொருள் பிணைவதைப் பார்த்தது. 1990இல் இம்முறையில் இயங்கும் பியாகோர் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. படலத்துக்குப் பதிலாக நானோ துகள்களையோ நானோ துளைகளையோ வைத்தால் பட்டகம் தேவையில்லை, ஒரு விளக்கும் நிறமாலைமானியும் போதும். புரதம் ஒட்டினால் ஒத்ததிர்வின் நிறம் சற்றே சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கிறோம். சாயம் எதையும் ஏற்றத் தேவையில்லை என்பது இதன் அழகு, அதுவே இதன் பலவீனமும். எது ஒட்டினாலும் நிறம் நகரும். லிட்டருக்கு ஒரு கிராம் புரதம் கூடினாலே ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 0.00018 உயரும், நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் சுமார் 0.0001 மாறும். நோயாளிக்கு நோயாளி மொத்தப் புரதம் லிட்டருக்குப் பல கிராம் வேறுபடும்போது, நானோகிராம் அளவிலுள்ள ஒரு புரதத்தின் தடயம் அந்த அலையில் மூழ்கிப்போகும். பியாகோர் வகைக் கருவிகள் மருந்து ஆய்வகங்களில் கோலோச்சுவதற்கும் நோயாளியின் படுக்கையருகே வராததற்கும் இதுவே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். மருந்து ஆய்வகத்தில் மாதிரி தூய்மையானது, அதிலுள்ள அளவும் முன்பே தெரிந்தது.

இரண்டாம் வழி, மூலக்கூறின் கைரேகையையே படிப்பது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் கண்ட சிதறல்தான் இதற்கு அடிப்படை. மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, அந்த மூலக்கூறின் அதிர்வுகளுக்கு ஏற்ற அளவு நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றங்களின் வரிசை ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி. ஆனால் சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடியில் ஒன்றுதான் இப்படி மாறுகிறது என்பதால், நீர்த்த கரைசலில் இதைக் கொண்டு எதையும் தேட முடியாது என்றே நீண்ட காலம் கருதப்பட்டது.

அந்த நிலையை மாற்றியது தற்செயலாகக் கிடைத்த ஒரு சொரசொரப்பு. 1974இல் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஃப்ளைஷ்மான், ஹென்ட்ரா, மெக்வில்லன் மூவரும் ஒரு வெள்ளி மின்முனையை மின்வேதி முறையில் சொரசொரப்பாக்கி, அதில் ஒட்டிய பிரிடின் மூலக்கூறின் ராமன் நிறமாலையை எடுத்தார்கள். சமிக்ஞை வலுவாக வந்தது. சொரசொரப்பால் பரப்பளவு கூடி, ஒட்டிய மூலக்கூறுகளும் கூடியிருக்கும் என்று விளக்கினார்கள். 1977இல் நார்த்வெஸ்டர்னில் ஜான்மெரும் வான் டைனும், கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட்டும் கிரெய்ட்டனும், ஒருவர் வேலையைச் சாராமல் மற்றவர், அந்த விளக்கம் போதாது என்று காட்டினார்கள். ஒரு மூலக்கூறுக்கான சமிக்ஞையே லட்சக்கணக்கான மடங்கு பெருகியிருந்தது. எவ்வளவு சொரசொரப்பாக்கினாலும் பரப்பளவு அத்தனை மடங்கு கூடாது. பிளாஸ்மான் ஒத்ததிர்வால் உலோகத்தின் அருகே மின்புலம் வலுப்படுகிறது; படும் ஒளி ஒருமுறையும் சிதறும் ஒளி இன்னொரு முறையும் அதனால் பெருகுவதால், ராமன் சமிக்ஞை ஏறத்தாழ மின்புலத்தின் நான்காம் அடுக்காக வளர்கிறது. மின்புலம் 10 மடங்கானால் சமிக்ஞை 10,000 மடங்கு; 30 மடங்கானால் எட்டு லட்சம் மடங்கு. 1997இல் க்னைப் குழுவும், நீ, எமரி இருவரும் தனித்தனியே ஒற்றை மூலக்கூறின் நிறமாலையைப் பதிவு செய்ததாக அறிவித்தார்கள். செய்திகளில் வரும் 'ஒற்றை மூலக்கூறு' என்ற சொல் பெரும்பாலும் இந்த மரபிலிருந்து வருவது. அந்தச் சோதனைகளில் பார்க்கப்பட்டவை உலோகத்தில் நன்றாக ஒட்டும், ஒளியை வலுவாக உறிஞ்சும் சாய மூலக்கூறுகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இப்பெருக்கம் பரப்பு முழுவதும் சமமாக இருப்பதில்லை. இரண்டு துகள்களுக்கு இடையே ஒன்றிரண்டு நானோமீட்டர் இடுக்கு இருக்கும்போதுதான் அது உச்சத்துக்குப் போகிறது. 2008இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டிலாட் குழு, நுண்கோளங்களின்மேல் வெள்ளி பூசிய ஒரு பரப்பில் இதை அளந்தது. மூலக்கூறு அமரும் இடங்களில் பத்து லட்சத்துக்கு 63 இடங்களில் மட்டுமே நூறு கோடி மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம் இருந்தது. ஆனால் மொத்தச் சமிக்ஞையில் 24 விழுக்காடு அந்த 63 இடங்களிலிருந்தே வந்தது. மேலே சொன்ன ஒரு மைக்ரோலிட்டரின் இரண்டு லட்சத்துச் சொச்சம் ட்ரோபோனின் மூலக்கூறுகளும் ஒன்றுவிடாமல் இத்தகைய பரப்பில் பரவலாக ஒட்டினாலும், உச்சப் பெருக்கம் கிடைப்பது சுமார் 14 மூலக்கூறுகளுக்குத்தான். இத்தகைய பரப்பைத் தாங்கும் அடுத்த சோதனைச் சில்லில் அது 8 ஆகலாம், 20 ஆகலாம். உயர் உணர்திறன் ட்ரோபோனின் சோதனை என்று ஒன்றை அழைக்க, 100 பேரில் 99 பேர் அடங்கும் அந்த 99ஆம் சதமான எல்லையில் மறுபடி மறுபடி அளந்தாலும் மாறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவ விதி. ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளுக்கு இடையே லிட்டருக்கு 5 நானோகிராம் கூடியிருந்தால் மாரடைப்புக்கான சான்றாக அதை ஏற்றுக்கொள்ளும் ஐரோப்பிய நெறிமுறை ஒன்றும் நடைமுறையில் இருக்கிறது. வெறும் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கமே இதைக் கெடுத்துவிடும். ஆகவே, உச்சப் பெருக்கத்தைத் துரத்தும் பரப்பைவிட, மிதமான பெருக்கத்தைச் சீராகத் தரும் பரப்பே நோயறிதலுக்கு உகந்தது. இந்தத் துறையில் நான் உறுதியாக நம்பும் கருத்துகளில் இது ஒன்று. அச்சுப்பதிப்பு முறையிலோ சுயமாக அடுக்கிக்கொள்ளும் நுண்கோளங்களைக் கொண்டோ பெரிய பரப்புகளைச் சீராகத் தயாரிக்கும் வேலை, உச்ச எண்ணை அறிவிக்கும் கட்டுரையைவிட மதிப்புள்ளது. வெள்ளி தங்கத்தைவிடக் கூடுதல் பெருக்கம் தரும் என்பது உண்மைதான். ஆனால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் அது கறுத்துவிடும். மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கவேண்டிய சோதனைச் சில்லுக்கு அது சிறு குறையல்ல.

அடுத்தது தூரம். ராமன் பெருக்கம் உலோகத்திலிருந்து விலக விலக மிக வேகமாகச் சரிகிறது. 20 நானோமீட்டர் ஆரமுள்ள ஒரு கோளத்துக்கு எளிய கணக்குப் போட்டால், பரப்பிலிருந்து 2 நானோமீட்டர் தள்ளியுள்ள மூலக்கூறுக்கு ஏறத்தாழ 39 விழுக்காடு மிஞ்சுகிறது. 10 நானோமீட்டரில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. இப்போது எதிர்ப்பொருளின் அளவைப் பாருங்கள்: 10 முதல் 15 நானோமீட்டர். ட்ரோபோனினைப் பிடிக்க எதிர்ப்பொருளைப் பரப்பில் நட்டால், பிடிபட்ட புரதம் பெருக்கம் கிட்டத்தட்டத் தீர்ந்துபோன உயரத்தில் நிற்கிறது. எதிர்ப்பொருள் இல்லாமல் நேரே இடுக்கில் விடலாம் என்றால், ஒன்றிரண்டு நானோமீட்டர் இடுக்கில் நான்கைந்து நானோமீட்டர் புரதம் நுழையாது. சமிக்ஞை வலுவாக இருக்கும் இடத்துக்குப் புரதம் போக முடியாது, புரதம் இருக்கும் இடத்தில் சமிக்ஞை வலுவாக இராது. அந்த முரணை விடுவிக்கவே குறிச்சொல் துகள்கள் வந்தன. வலுவான ராமன் சமிக்ஞை தரும் ஒரு சிறு மூலக்கூறைத் தங்கக் கருவுக்கும் அதன் மேலோட்டுக்கும் நடுவே நிரந்தரமாக அடைத்துவிடுகிறார்கள். புரதத்தின் இருபுறமும் இரண்டு எதிர்ப்பொருள்கள் பிடிக்கும் பழைய முறைதான், சாயத்துக்குப் பதில் இந்தத் துகள் ஒட்டிக்கொள்கிறது. புரதத்தின் கைரேகையைப் படிக்கும் கனவை இங்கே விட்டுக்கொடுக்கிறோம். பதிலாகக் கூர்மையான முகடுகள் கொண்ட குறிகள் கிடைக்கின்றன. ஒளிரும் சாயங்களின் நிறப்பட்டைகள் அகலமானவை, ஒன்றின்மேல் ஒன்று படியும். ராமன் முகடுகள் ஒடுக்கமானவை என்பதால் ஒரே கோட்டில் பல உயிர்க்குறிப்பான்களைத் தனித்தனியே படிக்கலாம். நல்ல பேரம் என்றே நான் சொல்வேன்.

இனி மூலக்கூறு வந்துசேரும் பிரச்சினைக்கு வருவோம். அசையாத நீரில் ஒரு புரதம் தானாக விரவி 1 மில்லிமீட்டர் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 100 நானோமீட்டர் விட்டமுள்ள தனித் துகள் ஒன்றை உணரியாக வைத்தால், லிட்டருக்கு 14 நானோகிராம் ட்ரோபோனின் உள்ள திரவத்தில், சுமார் இரண்டு நிமிடங்களுக்கு ஒரு மூலக்கூறுதான் அதை வந்து தொடும். இன்னும் நூறு மடங்கு அரிதான குறிப்பானுக்கு அது மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. உணரியைச் சிறிதாக்கச் சிறிதாக்க அதன் உணர்திறன் கூடும் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் உடைகிறது. வந்து தொட்டாலும் தங்க வேண்டும். நல்ல எதிர்ப்பொருள் ஒன்றின் பிரிகை மாறிலி, அதாவது எதிர்ப்பொருள்களில் பாதி நிரம்பத் தேவையான அடர்த்தி, ஒரு நானோமோலார் என்று வைத்துக்கொண்டால், இந்த அடர்த்தியில் சமநிலை எட்டிய பிறகும் 10,000 எதிர்ப்பொருள்களில் நான்கில்தான் ட்ரோபோனின் அமர்ந்திருக்கும். மீதி 9,996 இடங்களிலும், அவற்றின் இடைவெளிகளிலும், 300 கோடி மடங்கு மிகுதியாகச் சுற்றும் அல்புமினும் மற்ற புரதங்களும் ஒட்டாமல் தடுக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஐந்து இடங்களில் தவறானது ஒட்டிவிட்டால் சோதனை போயிற்று. ஒளியியல் எவ்வளவு நுட்பமானாலும் இதைச் சரிசெய்யாது; பரப்பு வேதியியல்தான் சரிசெய்ய வேண்டும்.

இதை எதிர்கொண்ட வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை நானோ துளைப் பரப்புகளைச் சார்ந்தவை. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளைகள் வரிசையாக உள்ள உலோகப் படலத்தின் வழியே எதிர்பார்ப்பதைவிட அதிக ஒளி கடப்பதை எபெசன் குழு 1998இல் காட்டியது. 2009இல் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகக் குழு அந்தத் துளைகளை மறுபுறம்வரை திறந்துவிட்டு, மாதிரியை அவற்றின் வழியாகவே ஓடச் செய்தது. பரப்புக்கு மேலே ஓடிப்போகும் திரவத்திலிருந்து மூலக்கூறு தற்செயலாகக் கீழே இறங்குவதற்குக் காத்திராமல், ஒவ்வொரு மூலக்கூறும் சுவரிலிருந்து நூறு இருநூறு நானோமீட்டருக்குள் கடந்தே ஆகவேண்டிய நிலையை அது உண்டாக்கியது. 2014இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஹக்கோ லீ, வைஸ்லெடர் குழுவினர் நானோ துளைப் பரப்பில் எக்சோசோம்களைப் பிடித்தார்கள். செல்கள் வெளியிடும் இந்த நுண்பைகளின் அளவு பொதுவாக 30 முதல் 150 நானோமீட்டர். துளைகளின் மின்புலம் பரவும் ஆழமும் ஏறத்தாழ அதே அளவில் இருக்குமாறு வடிவமைத்ததால், ஒற்றைப் புரதத்தைவிடப் பன்மடங்கு பெரிய சமிக்ஞை கிடைத்தது. சூலகப் புற்றுநோயாளிகளின் வயிற்றுநீரில் கிடைத்த எக்சோசோம்களில் இ.பி.சி.ஏ.எம்., சி.டி.24 என்ற இரு புரதங்களும் மிகுந்திருப்பதை அவர்கள் காட்டினார்கள். உணரி எதைப் பிடிக்கப்போகிறது என்பதை முதலில் முடிவுசெய்து, அதன் அளவுக்குப் பரப்பை அமைத்தது இந்த வேலையின் சிறப்பு.

எதிர்ப்பொருளே இல்லாமல், சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, நேரே வெள்ளித் துகளில் கலந்து, ராமன் நிறமாலை எடுத்து, கணினியை விட்டு நோயாளியையும் நலமுள்ளவரையும் பிரிக்கும் கட்டுரைகள் இப்போது ஏராளம். அவற்றை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். வெள்ளியில் எது ஆவலாக ஒட்டுகிறதோ அதுவே தெரியும்; திரியெஸ்தே பல்கலைக்கழகத்தில் போனிஃபாசியோவும் உடன் ஆய்வாளர்களும் காட்டியபடி, சீரத்தின் நிறமாலையில் ஓங்கி நிற்பவை யூரிக் அமிலமும் ஹைப்போசாந்தினும். 638ஐ ஒட்டிய அலையெண்ணில் ஒரு முகடு தெரிந்தால் அது யூரிக் அமிலம். 725ஐ ஒட்டி வந்தால் பெரும்பாலும் ஹைப்போசாந்தின். இரத்தம் எடுத்தபின் செல்களைப் பிரிக்கத் தாமதமானால் ஹைப்போசாந்தின் செல்களிலிருந்து கசிந்து கூடிக்கொண்டே போகும். நோயாளிகளின் மாதிரிகள் மருத்துவமனை வார்டிலிருந்து மாலையில் வந்து, நலமுள்ளவர்களின் மாதிரிகள் ஆய்வகத்திலேயே உடனுக்குடன் எடுக்கப்பட்டிருந்தால், கணினி கற்றுக்கொள்வது புற்றுநோயை அல்ல, காத்திருந்த நேரத்தை. ஒரே நோயாளியிடம் எடுத்த 50 நிறமாலைகளில் 40ஐப் பயிற்சிக்கும் 10ஐச் சோதனைக்கும் ஒதுக்கும் பழக்கமும் இருக்கிறது. அந்தச் சோதனையில் வரும் துல்லியம் ஆளை அடையாளம் கண்ட துல்லியமே. பிரிப்பு நோயாளிவாரியாக நடந்ததா, மாதிரிகள் ஒரே முறையில் சேகரிக்கப்பட்டனவா என்ற இரண்டும் கட்டுரையில் தெளிவாக இல்லையென்றால், முடிவு எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

95 விழுக்காடு உணர்திறன் (நோயுள்ளவரைப் பிடிப்பது), 95 விழுக்காடு தனித்தன்மை (நோயில்லாதவரைச் சரியாக விலக்குவது) என்ற எண்களைக் கண்டதும் வியப்பவர்களுக்காக ஒரு கணக்கு. நூற்றில் ஒருவருக்கு இருக்கும் நோயை 10,000 பேரிடம் இந்தச் சோதனையால் தேடினால், நோயுள்ள 100 பேரில் 95 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் 'இருக்கிறது' என்றே முடிவு வரும். 'இருக்கிறது' என்று சொல்லப்பட்ட 590 பேரில் உண்மையிலேயே நோயுள்ளவர் ஆறில் ஒருவருக்கும் குறைவு. சூலகப் புற்றுநோய் நூற்றில் ஒருவரைவிட மிக அரிதானது என்பதால் அங்கே நிலைமை இன்னும் கடினம். எனவே நலமாக இருப்பவர் கூட்டத்தில் தேடும் சோதனைகளைவிட, நெஞ்சுவலியோடு வந்தவர், நான்கு நாள் காய்ச்சலோடு வந்தவர், அறுவைக்குப் பின் புற்று திரும்புகிறதா என்று கண்காணிக்கப்படுபவர் போன்றோருக்கான சோதனைகளில்தான் இந்தப் பரப்புகள் முதலில் பயன்படும்.

அப்படிப் பயன்படப்போகும் முதல் வடிவம் செய்திகளில் மின்னும் சில்லாக இருக்காது என்பது என் கணிப்பு. தாள் பட்டையின் செந்நிறக் கோட்டில் சாதாரணத் தங்கத் துகளுக்குப் பதில் ராமன் குறிச்சொல் துகள் அமர்ந்திருக்கும். கண்ணுக்குப் பதில் கையடக்க ராமன் கருவி அதைப் படிக்கும். ஒரே கோட்டில் டெங்கு, சிக்குன்குனியா போன்றவற்றை வேறுவேறு முகடுகளால் பிரித்துச் சொல்லும். பட்டைக்கான உற்பத்தி முறை, எதிர்ப்பொருள் இணைகள், ஆய்வக ஊழியரின் பயிற்சி ஆகிய மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. தாள் தானே திரவத்தை இழுத்துக் கோட்டின் வழியே ஓடவிடுவதால் மூலக்கூறு வந்துசேரும் பிரச்சினையும் பாதி தீர்ந்திருக்கிறது. கையடக்கக் கருவியின் விலையும், முழு இரத்தத்தில் கோட்டுக்கு வெளியே துகள்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும், ஒரு தொகுதிப் பட்டைக்கும் அடுத்த தொகுதிக்கும் சமிக்ஞை மாறாமல் உற்பத்தி செய்வதும் இனி தீரவேண்டியவை.